80 விழுக்காடு இடம் காலியாக இருந்தும் துகள் ஏன் நகரவில்லை?

இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி இது: "பெட்டி ஒன்றுக்குள் கோளங்களைத் தாறுமாறாக வைத்து, அவற்றை அசையாமல் நிறுத்திவிட்டேன். பெட்டியின் கனஅளவில் அவை 20 விழுக்காடுதான். அதே அளவுள்ள பாய்மத் துகள்களை மீதி இடத்தில் ஓடவிட்டேன். இடப்பெயர்ச்சியின் இருமடிச் சராசரியை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவில்லை. கோளங்களின் கட்டமைப்பை மாற்றி ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு விரவல் குணகம் (துகள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) கிடைக்கிறது. நிரலில் பிழையா? சரியான குணகத்தை எப்படி எடுப்பது?"

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நிரலைச் சந்தேகிக்க இப்போதைக்குக் காரணம் இல்லை. நீங்கள் கண்டது உண்மையான இயற்பியல்தான். 20 விழுக்காடு நிரம்பியது, எனவே 80 விழுக்காடு காலி என்று எடுத்துக்கொண்டீர்களே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த 80 விழுக்காடு பெட்டியைப் பார்க்கும் உங்களுக்குக் காலி. உள்ளே ஓடும் துகளுக்கு அப்படி இல்லை.

துகளின் மையம் எங்கெல்லாம் போக முடியும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கோளங்களுக்கும் ஒரே விட்டம் என்றால், துகளின் மையம் தடைக்கோளத்தின் மையத்துக்கு ஒரு முழு விட்டத் தூரத்துக்குள் வர முடியாது. ஆக, ஒவ்வொரு தடைக்கோளமும் தன் ஆரத்தைப் போல இரு மடங்கு ஆரமுள்ள, எட்டு மடங்கு கனஅளவுள்ள பகுதியை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால்தான் இடம் முழுவதும் போய்விடாமல் கொஞ்சம் மிஞ்சுகிறது. எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கடினக் கோளப் பாய்மத்துக்கான கார்னஹான், ஸ்டார்லிங் சமன்பாட்டிலிருந்து (1969) கணக்கிடலாம். தடைக்கோளங்கள் சமநிலையில் இருந்தபடி உறைந்தவை என்று கொண்டால், 10 விழுக்காடு நிரப்பலில் துகளின் மையத்துக்குக் கிடைப்பது பெட்டியில் சுமார் 38 விழுக்காடு. உங்கள் 20 விழுக்காட்டில் கிடைப்பது 8.5 விழுக்காடு. 25 விழுக்காட்டில் வெறும் 3 விழுக்காடு. நிரப்பலைச் சிறிது ஏற்றினாலும் இடம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது பாருங்கள்.

இதே 20 விழுக்காட்டைத் துகளைப் போலப் பத்து மடங்கு விட்டமுள்ள பெரிய கோளங்களால் நிரப்பியிருந்தால், துகளின் மையத்துக்குச் சுமார் 73 விழுக்காடு இடம் கிடைத்திருக்கும். காலி இடத்தின் பங்கைச் சொல்லும் நுண்துளைமை என்ற ஒற்றை எண் விரவலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எந்தத் துகளுக்கு எவ்வளவு இடம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது.

அடுத்தது, விரவல் குணகம் என்று எதைச் சொல்கிறோம் என்பது. 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிய உறவு இது: முப்பரிமாணத்தில் இடப்பெயர்ச்சியின் இருமடிச் சராசரி, விரவல் குணகத்தையும் நேரத்தையும் ஆறால் பெருக்கி வருவதற்குச் சமம். 25 டிகிரி செல்சியஸ் நீரில் மூலக்கூறின் விரவல் குணகம் வினாடிக்கு 2.3×10⁻⁹ சதுர மீட்டர். ஒரு வினாடியில் ஒரு மூலக்கூறு கிளம்பிய இடத்திலிருந்து ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். ஆனால் இந்த உறவு எல்லா நேரத்துக்கும் பொருந்துவதில்லை. துகள் தன் தொடக்கத் திசைவேகத்தையும், தொடக்கத்தில் தன்னைச் சூழ்ந்திருந்த இடத்தின் வடிவத்தையும் முழுக்க மறந்த பிறகே பொருந்தும். சாதாரண திரவத்தில் அந்த மறதி சில பிக்கோ வினாடிகளில் வந்துவிடும். உறைந்த தடைகளுக்கு நடுவே சுற்றுப்புறம் மாறுவதே இல்லை. துகள் வேறு இடத்துக்குப் போனால்தான் அதன் சூழல் மாறும். அங்கே போகும் வழியோ குறுகல்.

மூலக்கூறு இயக்கவியலில், அதாவது அணுக்களை நியூட்டனின் விதிகளின்படி கணினியில் ஓட்டும் முறையில், உண்மைத் திரவம் ஒன்றின் விரவல் குணகத்தை இப்படி எடுத்துக் காட்டிய முன்னோடி ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் 1964இல் 864 ஆர்கான் அணுக்களை 94.4 கெல்வினில் ஓடவிட்டு, வினாடிக்கு 2.43×10⁻⁵ சதுர சென்டிமீட்டர் என்ற மதிப்பைப் பெற்றார். நம் நாட்டுப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தக் கட்டுரையில் அவர் கையாண்ட இன்னோர் அளவு உங்களுக்கு இப்போது தேவைப்படும். கீழே வருகிறேன்.

முதலில் உங்கள் வரைபடத்தை நேர அச்சிலும் இடப்பெயர்ச்சி அச்சிலும் மடக்கை அளவில் மறுபடி வரையுங்கள். தொடக்கத்தில் சாய்வு 2 இருக்கும். துகள் எதிலும் மோதாமல் பறக்கும் காலம் அது. கடைசியில் சாய்வு 1 ஆனால், அங்கிருந்துதான் விரவல். இரண்டுக்கும் நடுவே சாய்வு 1க்குக் கீழே இறங்கி நீண்ட நேரம் இழுத்துக்கொண்டே போகும் பகுதி ஒன்று இருக்கும். உங்களுக்கு நேர்கோடு வராத காரணம் அதுதான். சாய்வு 0.6 இருக்கும் இடத்தில் வலுக்கட்டாயமாக ஒரு நேர்கோட்டைப் பொருத்தி எடுக்கும் எண் விரவல் குணகமே அல்ல. ஓட்டத்தை இரு மடங்கு நீட்டினால் அந்த எண் குறைந்துவிடும்.

இந்த மந்தம் எதனால் வருகிறது என்பதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. உலோகத்தில் எலக்ட்ரான் ஓட்டத்தை விளக்க 1905இல் லோரன்ட்ஸ் ஒரு மாதிரியை வைத்தார்: அசையாத தடைகளுக்கு நடுவே, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாத துகள்கள். 1957இல் பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி இருவரும் தாறுமாறான ஊடகம் ஒன்றின் வழியே பாய்மம் மறுபுறம் போய்ச் சேருமா என்ற கேள்வியைக் கணிதமாக்கினார்கள். பெர்கோலேஷன் கோட்பாடு அப்படிப் பிறந்தது. 1976இல் டி ஜென், அந்தத் தாறுமாறான வலைக்குள் இலக்கில்லாமல் நடக்கும் துகளுக்குப் புதிர்வழியில் மாட்டிய எறும்பு என்று பெயர் வைத்தார். மூன்றையும் சேர்த்தால் உங்கள் பெட்டி வந்துவிடும்.

தடைகளைக் கூட்டிக்கொண்டே போனால், காலி இடம் தீர்வதற்கு முன்பே அது துண்டு துண்டாகிவிடும். ஒன்றையொன்று ஊடுருவ அனுமதிக்கப்பட்ட, முற்றிலும் தற்செயலாக இடப்பட்ட கோளங்களுக்கு அந்த மாறுநிலை தெளிவாகத் தெரியும்: காலி இடம் ஏறத்தாழ 3 விழுக்காடாகும்போது பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழி அறுந்துபோகும். 2006இல் ஹோஃப்லிங், ஃபிரனோஷ், ஃபிரை மூவரும் இந்த மாதிரியை மிக நீண்ட நேரம் கணினியில் ஓட்டி, மாறுநிலையில் இருமடிச் சராசரி நேரத்தின் 0.32 அடுக்காக வளர்வதைக் காட்டினார்கள். வழக்கமான விரவலில் இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் போதும். அந்த 0.32 அடுக்கில் இரு மடங்கு தூரத்துக்கு 76 மடங்கு நேரம் ஆகும். மாறுநிலைக்கு அருகே கணினி நேரம் விழுங்கப்படுவதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். உங்கள் 8.5 விழுக்காடு மாறுநிலையைத் தாண்டவில்லை. ஆனாலும் அதன் நிழல் விழும் தூரத்தில்தான் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்றவற்றைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். வழி முழுவதும் அறுபடுவதற்கு வெகு முன்பே, வெளியேற வழியில்லாத சின்னச் சின்ன அறைகள் உருவாகிவிடும். பாய்மத் துகளை நிரல் ஒரு தற்செயல் இடத்தில் வைக்கும்போது, அந்த அறைக்குள்ளும் வைத்துவிடும். அங்கே மாட்டிய துகள் என்றைக்கும் வெளியே வராது. நீங்கள் எடுக்கும் சராசரியில் ஓடும் துகளும் மாட்டிய துகளும் கலந்தே வருகின்றன. 60 விழுக்காடு துகள்கள் மட்டும் வெளியோடு இணைந்த பகுதியில் இருந்தால், நீண்ட நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் குணகம் உண்மையில் ஓடும் துகளின் குணகத்தில் 60 விழுக்காடுதான். சாய்வு ஒழுங்காக 1 காட்டும், நேர்கோடும் அழகாக வரும், எண் மட்டும் தவறு. மாறுநிலையிலும் இந்த வேறுபாடு உண்டு. எல்லாத் துகளையும் சேர்த்தால் அடுக்கு 0.32, வெளியோடு இணைந்த பகுதியில் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் சுமார் 0.42.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ரஹ்மான் 1964இல் கையாண்ட அளவு என்றேனே, அது இதுதான்: இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கின் சராசரியை மூன்றால் பெருக்கி, இருமடிச் சராசரியின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கி வருவதால் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். பரவல் இயல்நிலைப் பரவலாக இருந்தால் இது பூச்சியம். எல்லாத் துகளும் ஒரே விதமாக விரவினால் நேரம் போகப் போக இது பூச்சியத்துக்கு இறங்கிவிடும். ஒரு பங்கு ஓட, மீதி மாட்டிக்கொண்டால் இறங்காது. ஓடும் பங்கின் தலைகீழியில் ஒன்றைக் கழித்தால் வரும் மதிப்பில் போய் நிற்கும். 80 விழுக்காடு ஓடினால் 0.25, 60 விழுக்காடு ஓடினால் 0.67. காகிதத்தில் நான்கு வரியில் நீங்களே வருவித்துப் பார்க்கலாம். வளைவு பூச்சியத்துக்கு மேலே ஓரிடத்தில் தட்டையாகி நின்றால், மாட்டிய துகள்கள் இருக்கின்றன என்று அர்த்தம். எத்தனை பங்கு என்பதையும் அந்தத் தட்டையின் உயரமே சொல்லிவிடும்.

சராசரியை நம்பாமல் வடிவியலையே நேரடியாகச் சோதிப்பது இன்னும் நல்லது. பெட்டியை மிக நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, துகளின் மையம் நிற்கக்கூடிய கட்டங்களைக் குறித்து, பக்கத்துக் கட்டம் பக்கத்துக் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனால் எந்தெந்தப் பகுதிகள் இணைந்தவை என்று தெரியும். ஆவர்த்தன எல்லை (ஒரு முகத்தில் வெளியேறும் துகள் எதிர்முகத்தில் நுழையும் ஏற்பாடு) போட்டிருப்பதால் இங்கே ஒரு நுணுக்கம் வருகிறது. ஒரு பகுதி பெட்டியின் இடது முகத்தையும் வலது முகத்தையும் தொடுவது மட்டும் போதாது. கிளம்பிய கட்டத்துக்கே எல்லையைச் சுற்றி வந்து, அதுவும் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் அதன் பிம்பமாகத் திரும்பி வந்தால்தான் அது உண்மையில் முடிவில்லாமல் நீளும் வழி. கட்டம் பருமனாக இருந்தால் குறுகிய கழுத்துகள் காணாமல் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். கழுத்துகள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. துல்லியம் வேண்டுமென்றால், ஒவ்வொரு கோளத்துக்கும் மிக அருகே உள்ள இடத்தை அதற்கே ஒதுக்கும் வோரோனாய் பிரிப்பைப் பயன்படுத்தலாம். காலி இடத்தின் இணைப்பு வோரோனாய் விளிம்புகளின் வலையில் அப்படியே பிரதிபலிக்கிறது என்று 1983இல் கெர்ஸ்டைன் காட்டினார். வோரோ++ என்ற இலவச நிரல் அந்தப் பிரிப்பை நொடியில் செய்துவிடும்.

மாட்டிய துகள்களை என்ன செய்வது என்பது உங்கள் ஆய்வின் நோக்கத்தைப் பொறுத்தது. சோதனைக்கூடத்தில் வைகார் கண்ணாடி, சிலிக்கா ஏரோஜெல் போன்ற நுண்துளைப் பொருள்களில் திரவம் வெளியிலிருந்துதான் உள்ளே நுழைகிறது. மூடிய அறைக்குள் அது போகவே போகாது. அத்தகைய பொருளோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மூடிய அறைகளில் துகளை வைக்காதீர்கள். கட்டமைப்பும் பாய்மமும் கலவையாக இருந்தபோது ஒன்று மட்டும் உறைந்துபோன நிலைமையை ஆராய்கிறீர்கள் என்றால், மாட்டியவையும் கதையின் பகுதிதான். அப்போதும் இரண்டு வகையையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, தனித்தனியாகவே எழுதுங்கள்.

ஒவ்வொரு கட்டமைப்புக்கும் வேறு எண் வருகிறது என்றீர்களே. பெட்டி சிறியது என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். மாறுநிலைக்கு அருகே இணைந்த பகுதிகளின் நீளம் வளர்ந்துகொண்டே போகும். பெட்டி அதைவிடச் சிறியதாக இருந்தால், ஒரு கட்டமைப்பில் வழி திறந்திருக்கும், அடுத்ததில் அடைத்திருக்கும். ஒரே கட்டமைப்பில் ஆயிரம் துகளை ஓட்டினாலும் இது தீராது. வெவ்வேறு கட்டமைப்புகள் பலவற்றின் மீது சராசரி எடுக்க வேண்டும், பெட்டியையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிழைக்கோட்டை நேரச் சராசரியிலிருந்து போடாமல் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு வரும் சிதறலிலிருந்து போடுங்கள். தரவை வைத்துக்கொண்டு நேர்மையாகச் சொல்லக்கூடிய பிழை அதுதான்.

விசைச் சார்பு பற்றி ஒரு சொல். கடினக் கோளம் அல்லாமல் மென்மையான விலக்கு விசையை வைத்திருந்தால், வேகமான துகள் தடைக்குள் கொஞ்சம் ஆழமாகப் புகும், மெதுவானது புகாது. ஒவ்வொரு துகளுக்கும் தடையின் ஆரமே வேறாகத் தெரியும். ஒரு துகளுக்குத் திறந்த கழுத்து இன்னொன்றுக்கு மூடியது. துகள்கள் ஒன்றோடொன்று மோதாமல் தத்தம் ஆற்றலைக் கடைசிவரை வைத்துக்கொண்டால், பல மாறுநிலைகள் கலந்து, கூர்மையாக இருக்க வேண்டிய மாற்றம் மழுங்கிவிடும். ஷ்னைடர் முதலானோர் 2015இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உங்கள் வளைவு எந்த அடுக்கோடும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் இதையும் சந்தேகியுங்கள்.

பாய்மத்தின் அடர்த்தி அதிகம் என்றால் இன்னொரு வகை அடைப்பும் சேர்ந்துகொள்ளும். துகளைச் சுவர் அடைப்பது ஒன்று, பக்கத்துத் துகள்களே கூண்டாக அடைப்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இயல்புள்ளவை என்பதை 2005இல் கிராக்கோவியாக் கோட்பாட்டளவில் வகுத்தார். குர்ஸிடிம், கோஸ்லோவிச், கால் ஆகியோர் 2009இல் கணினியில் பின்தொடர்ந்தபோது, தனித்துகளின் இயக்கமும் அடர்த்தியின் கூட்டு இயக்கமும் வெவ்வேறு காலங்களில் தளர்வதைக் கண்டார்கள். நீங்கள் முதலில் பாய்மத்தின் அடர்த்தியை மிகக் குறைவாக வைத்து, சுவர்களின் விளைவைத் தனியே அறிந்துகொள்ளுங்கள். அடர்த்தியை அதன்பின் ஏற்றலாம்.

லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்கவியல் நிரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சில நடைமுறைகள். தடைக்கோளங்களை நகர்த்தும் கட்டளைக்குள் சேர்க்காமல் விட்டாலே அவை அசையாது. அவற்றுக்கு இடையேயான விசையைக் கணக்கிடுவதை விலக்கிவிட்டால் நேரம் மிச்சமாகும். இடப்பெயர்ச்சியை எல்லை தாண்டியதும் மடக்கிய ஆயத்தொலைகளிலிருந்து எடுக்கக் கூடாது. திரவத்தில் பலர் வழக்கமாகச் செய்வதுபோலப் பாய்மத்தின் மொத்த நிறைமையத்தின் நகர்வைக் கழிக்கவும் கூடாது. தனித் திரவத்தில் உந்தம் மாறாது, நிறைமையம் நகர்ந்தால் அது பிழை. இங்கே உறைந்த சுவர் உந்தத்தை வாங்கிக்கொள்கிறது, நிறைமையத்தின் அலைவு உண்மையான இயக்கம்.

சொல்லப்போனால் அந்த அலைவே ஒரு செல்வம். நிறைமையத்தின் இருமடி இடப்பெயர்ச்சியைத் துகள் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் கூட்டு விரவல் குணகம் கிடைக்கும். அழுத்த வேறுபாட்டால் பொருள் எவ்வளவு ஊடுருவும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பாறைக்குள் இருக்கும் கெரோஜன் என்ற கரிமப் பொருளில் ஹைட்ரோகார்பன்கள் எப்படிக் கசிகின்றன என்று ஃபால்க், கோவான், பெலென்க், உல்ம், போக்கே ஆகியோர் 2015இல் ஆராய்ந்தபோது, நானோமீட்டர் துளைகளில் டார்சியின் வழக்கமான விதி (பாய்வு அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதம் என்பது) பொருந்தாது என்று கண்டார்கள். அங்கே துகள்களுக்கு இடையிலான தொடர்பு மிகச் சிறிது என்பதால், தனித்துகள் குணகமும் கூட்டுக் குணகமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. உங்கள் பெட்டியில் அப்படி வருகிறதா என்று பார்ப்பது சுவையான வேலை. புள்ளிவிவரம் சேரத்தான் நாளாகும்.

சோதனை முடிவுகளோடு ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, நேரம். துடிப்புச் சரிவு அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்ற சோதனை முறை மில்லி வினாடிகளில் மைக்ரோமீட்டர் தூரத்தைப் பார்க்கிறது. நியூட்ரான் சிதறல் பிக்கோ, நானோ வினாடிகளைப் பார்க்கிறது. உங்கள் ஓட்டம் பெரும்பாலும் இரண்டாவதோடுதான் பொருந்தும். சாய்வு 1 வருவதற்கு முன் நின்றுவிட்ட ஓட்டத்தை முதலாவதோடு ஒப்பிடுவது நியாயமல்ல. மற்றொன்று, வரையறை. மின்கல மின்முனை ஆய்வுகளில் எங்கும் காணப்படும் புருக்கமன் உறவு, செயல்படு குணகம் என்பது தடையில்லாத இடத்துக் குணகத்தை நுண்துளைமையின் 1.5 அடுக்கால் பெருக்கி வருவது என்று சொல்கிறது. அது மொத்தக் குறுக்குவெட்டின் வழியே போகும் பாய்வுக்கானது. துகளைப் பின்தொடர்ந்து நீங்கள் எடுப்பதோ துளைக்குள்ளேயே நகரும் குணகம், அதை நுண்துளைமையால் பெருக்கினால்தான் இரண்டும் ஒரே பொருளாகும். புருக்கமன் உறவுக்கு மாறுநிலை என்ற ஒன்றே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். துளைமை பூச்சியமாகும் வரை அது ஏதோ ஒரு விரவலைச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

கோளங்களைத் தாறுமாறாக இடுவது தொடக்கத்துக்கு நல்ல மாதிரி. உண்மைப் பொருளை நெருங்க வேண்டுமென்றால் அது உருவான விதத்தைப் பின்பற்றுவதே சிறந்தது என்பது என் கருத்து. வைகார் வகைக் கண்ணாடியில், உருகிய கலவை இரு நிலைகளாகப் பிரியும்போது உறையவைத்து, ஒரு நிலையை அமிலத்தால் கரைத்து எடுக்கிறார்கள். 1998இல் கெல்ப், கபின்ஸ் இருவரும் இதையே கணினியில் செய்தார்கள்: இருதிரவக் கலவையைப் பிரியவிட்டு, நடுவில் நிறுத்தி, ஒரு திரவத்தை அகற்றினார்கள். அப்படி வரும் துளைகள் எங்கும் பின்னிப் பிணைந்து இணைந்திருக்கும், மூடிய அறைகள் அரிது. துளைமை ஒன்றாகவே இருந்தாலும், உங்கள் கோளப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும் துகள் அங்கே தாராளமாக ஓடும்.

இனி உங்கள் கையில் இருக்கும் தரவுக்கு. புதிதாக எதையும் ஓட்டுவதற்கு முன், சேமித்த பாதைகளிலிருந்தே ரஹ்மானின் அந்த அளவைக் கணக்கிட்டு நீண்ட நேரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமைப்பிலும் இணைந்த பகுதியைப் பிரித்து, அதில் உள்ள துகள்களுக்கு மட்டும் இருமடிச் சராசரியை மறுபடி எடுங்கள். கட்டமைப்புக்குக் கட்டமைப்பு இருந்த சிதறலில் நல்ல பகுதி அங்கேயே அடங்கிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குப் பிறகும் சாய்வு 1ஐ எட்டாத கட்டமைப்புகள் இருந்தால், அவற்றை மட்டும் பெரிய பெட்டியில் நீண்ட நேரம் ஓட்டுங்கள். நிரப்பலை 20இலிருந்து 15 விழுக்காட்டுக்கு இறக்கி ஓர் ஓட்டம் வைத்துக்கொண்டால், ஒப்பிட ஒழுங்கான ஒரு நேர்கோடும் கையில் இருக்கும்.